பூ நூல் கட்டிய ஜாயிண்ட்

வைகுண்டராஜின் காக்கிப் பேண்டைச் சோப்புத்தூளில் ஊறப்போடுவதற்கு முன்னால் அவர் மனைவி சுருளியம்மாள் பைகளைத் துழாவிப் பார்ப்பாள். ஃபியூஸ், திருகாணி, பாதி குடித்த பீடி என்று ஏதாவது கையில் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் வாளியை வைத்துக்கொண்டு அவள் குனிந்தபோது, உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த வைகுண்டராஜ் எட்டி அவள் கையையே பார்த்தார். நேற்று அறுத்தெடுத்த ஒயர்த் துண்டைப் பட்டறையிலேயே தூக்கி எறிந்திருக்கலாம். எறிய மனம் வராமல் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

கம்பத்தில், மெட்டு ரோட்டில் பதினெட்டு வருஷமாக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர் அவர். தான் போட்ட ஜாயிண்ட் பிரிந்தது என்று ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. இந்த ஊர் வெயிலுக்குக் கறுப்பு டேப்பின் பசை உருகி நுனி பிரிந்துகொள்ளும். அதனால் டேப்பைச் சுற்றி முடித்ததும், சுருளியம்மாள் பூக்கட்டும் வெள்ளை நூலால் மேலே மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார். வேறு எந்த ஒயரிங்காரரும் அப்படிச் செய்வதில்லை.

சுருளியம்மாளின் தம்பி அம்மாவாசி ஏலக்காய் வியாபாரி விஜய்பாண்டியிடம் டிரைவராக இருந்தான். முதலாளிக்கு இடது முழங்கால் மடங்காது. அதற்காகவே கொச்சியிலிருந்து பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கி வந்திருந்தார். கிளட்ச் கிடையாது. கியர்க் கம்பி எங்கே நிற்கிறது என்று டேஷ்போர்டில் எரியும் எழுத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும்: நிறுத்தி வைக்க பி, பின்னால் போக ஆர், முன்னால் போக டி. பியில் இல்லாமல் சாவியைத் திருகினால் இஞ்சின் கிளம்பாது.

ஐப்பசியில், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், அம்மாவாசி காரைப் பின்னால் எடுத்து வந்து, கேட் பூட்டியிருந்ததால் அணைத்துப் போட்டான். முதலாளியின் மனைவி பஞ்சம்மாள் சாவியோடு கேட்டைத் திறக்கப் போனார். அவன் சாவியைத் திருகினான். கார் பின்னால் எகிறிக் கேட்டோடு அந்த அம்மாளை நசுக்கியது. தொடை எலும்பு இரண்டு துண்டாகிவிட்டது.

"பி எரிஞ்சுச்சு மச்சான். கண்ணால பாத்துட்டுத்தான் திருகுனேன்" என்றான் அம்மாவாசி.

அன்று மத்தியானம் முதலாளி ஆள் அனுப்பி வைகுண்டராஜைத்தான் கூப்பிட்டார். வெயில் ஏறிக் கார் காய்ந்திருந்தது. கியர்ப்பெட்டியின் பக்கத்தில், கம்பி எந்த இடத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் இருக்கிறது. மீட்டரை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். எல்லாம் சுத்தம். "ஒயரிங்ல ஒண்ணுமில்லண்ணே. கெளப்பிட்டு ஆர்ல தட்டியிருக்கான். ஆளு கைதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வார்த்தையோடு அம்மாவாசியின் வேலை போயிற்று. இரண்டு மாதமாக அவனை நம்பி வண்டி கொடுப்பார் இல்லை. பண்ணைப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறான்.

நேற்று அதே கார் பட்டறைக்கு வந்தது. பனி விழுகிற காலைகளில் எழுத்து மாறி மாறி எரிகிறது என்று புது டிரைவர் சொன்னான். வைகுண்டராஜ் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். மீட்டரில் பார்த்தார், சுத்தம். ஒயரைப் பிடித்து ஆட்டினார், அப்போதும் சுத்தம். பனி என்ற சொல் மட்டும் மண்டைக்குள் உறுத்தியது. துணி தேய்க்கிற கடையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை வாங்கி வந்து, சென்சாருக்குப் போகும் ஒயர்க் கட்டின் மேல் அடித்தார். கம்பியை ஆரில் வைத்தார். எழுத்துப் பலகையில் ஆர் மினுக்கி அணைந்து, பி எரிந்தது. சாவியைத் திருகினார். இஞ்சின் கிளம்பியது. கார் கல்லில் முட்டி உறுமியது.

கட்டைப் பிரித்தால், நடுவே வெள்ளை நூல்.

சித்திரையில் போட்ட ஜாயிண்ட். 'பின்னால வர்றது தெரியணும், ரிவர்ஸ்ல பாட்டு வைப்பா' என்று பஞ்சம்மாளே கேட்டுப் பொருத்தியது. பாட்டுக்கு ஆர் ஒயரில் கரண்ட் எடுத்தபோது, கத்தி பக்கத்து ஒயரின் தோலையும் சீவியிருக்கிறது. அது பி ஒயர். இரண்டையும் ஒரே டேப்புக்குள் வைத்துச் சுற்றியிருக்கிறார். உள்ளே தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சையாகப் பூத்துக் கிடந்தது. ஈரம் பட்டால் ஆரின் கரண்ட் பிக்குத் தாவும். அன்று கம்பி ஆரிலேயே நின்றிருக்க, பலகை பி என்று காட்டியிருக்கிறது. பாட்டுக்குப் போன இழையோ அரித்தே போயிருந்தது. அதனால்தான் அன்று பாட்டும் கேட்கவில்லை.

அறுத்தெடுத்தார். புது ஒயர் வைத்துப் பற்றவைத்தார். "தண்ணி இறங்கியிருக்கு, சரியாயிருச்சு" என்று வண்டியை அனுப்பிவிட்டார்.

சுருளியம்மாள் ஈரக்கையோடு உள்ளே வந்து ஒயர்த் துண்டைக் கட்டிலில் வைத்தாள்.

"எம் பூ நூலு. இதை எதுக்குப் பொத்திப் பொத்திக் கொண்டாந்திருக்கீக?"

"முதலாளி கார்ல இருந்தது."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் கேட்டு வாங்கினாள். அவர் சொல்லச் சொல்ல நின்றுகொண்டே கேட்டாள்.

"ஏழு சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போயி எள்ளு விளக்குப் போட்டு வந்திருக்கான் எந்தம்பி. சனி உங்க டேப்புக்குள்ளல்ல இருந்திருக்கு."

"வேணும்னா செஞ்சேன்?"

"கை தப்புறது எல்லாருக்கும் உள்ளதுதான். காலையிலேயே ஊத்திட்டு வந்தியாடான்னு அவனை மொதல்ல கேட்டது யாரு? முதலாளியா?"

வைகுண்டராஜ் கைலி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல. சரியாயிருச்சுன்னு அனுப்பிவிட்டாகளாம்." அவள் மறுபடி கொல்லைக்குப் போய்விட்டாள். துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

பதினோரு மணிக்கு அம்மாவாசி வந்தான். தோட்டம் விட்டு ஞாயிறுதோறும் இங்கேதான் சாப்பாடு. விரல் இடுக்குகளில் மருந்தின் நீலம் போகாமல் இருந்தது.

"என்ன மச்சான், ஒடம்பு சரியில்லையா? மொகம் பேயறைஞ்சாப்புல இருக்கு."

"உக்காரு மாப்ள."

சுருளியம்மாள் தட்டை வைத்தாள். குழம்பை ஊற்றினாள். போகாமல் கதவோரம் நின்றாள். இனித் தள்ளிப்போட முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. ஒயர்த் துண்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, சித்திரையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார். ஆரும் பியும் வந்த இடத்தில் அம்மாவாசியின் கை சோற்றில் நின்றது.

"அப்ப பி எரிஞ்சுச்சு" என்றான்.

"எரிஞ்சுச்சு மாப்ள. நேத்து நானே பாத்தேன்."

"நாலு தடவ போயி அந்தம்மா கட்டிலுகிட்ட நின்னேன் மச்சான். குடிக்கலத்தா, சத்தியமாக் குடிக்கலன்னேன். உங்க மச்சானே சொல்லிட்டாகளேப்பான்னு சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாக." அவன் ஒயரை எடுக்கவில்லை, கண்ணால் மட்டும் பார்த்தான். "அதுக்கப்பறம் எனக்கே சந்தேகம். கண்ணுதான் பொய் சொல்லுச்சோன்னு."

மிச்சச் சோற்றை அவன் சாப்பிட்டு முடித்தான். தட்டிலேயே கை கழுவினான். சுருளியம்மாள் கை துடைக்கத் துண்டை நீட்டினாள்.

வைகுண்டராஜ் எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான் ஒன்று மாறி விழுந்தது. ஒயரை எடுத்து மேல்பையில் வைத்தார்.

"வா மாப்ள. முதலாளி வீட்டுல இருப்பாக. அந்தம்மா முன்னாலேயே, எங்கையாலதான்னு சொல்லிர்றேன். நீ கூட நின்னாப் போதும். வர்றியா?"

அம்மாவாசி துண்டை மடித்துக் கட்டிலின் மேல் வைத்தான். அக்காவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, குனிந்து நிலைப்படியைத் தாண்டி வெளியே போய் மச்சானுக்காக நின்றான்.