தாழ்ப்பாள் ஆக்டிவிட்டி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாமக்கல்லில் ஒரு வீட்டின் பின்வாசலில் நின்று மூன்று பெரியவர்கள் ஒரு மூன்றரை வயதுப் பெண்ணிடம் கெஞ்சிக்கொண்டிருந்தோம். அவள் உள்ளே. நாங்கள் வெளியே.

எப்படி வந்து சேர்ந்தது இந்த நிலைமை? முதலில் இருந்தே சொல்கிறேன்.

சங்கீதா என் அண்ணன் மகள். கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருந்தவள், மகள் யாழினிக்காக அதை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். அவள் கணவர் பிரபு லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பார்த்து நாளாச்சே என்று சேலத்தில் பஸ் ஏறினேன். வழியில் ராசிபுரத்தில் இறங்கி நெய் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால்...

"வாங்கத்தை. அப்படியே நில்லுங்க, ஃப்ரேம்ல வாரீங்க."

நின்றேன். ஒரு காலில்.

ஹாலில் ஆக்டிவிட்டி நடந்துகொண்டிருந்தது. துவரம்பருப்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை மூன்றையும் சங்கீதாவே கலந்து தட்டில் கொட்டியிருந்தாள். யாழினி அதைப் பிரித்து முட்டை அட்டையின் குழிகளில் போட வேண்டும். நாமக்கல்லில் முட்டை அட்டைக்கா பஞ்சம்?

"இது ஃபைன் மோட்டார் ஸ்கில் அத்தை. விரல் நல்லாப் பழகும்."

கல்யாணமான நாளிலிருந்து பருப்பில் கல் பொறுக்குகிறேன். என்னிடம் இவ்வளவு பெரிய ஸ்கில் இருப்பதை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

யாழினி நாலைந்து கடலையைப் பொறுக்கிப் போட்டாள். "குட் ஜாப்!" என்று சங்கீதா கை தட்டினாள். நானும் தட்டினேன். வீடியோ முடிந்தது, குழந்தை எழுந்து போய்விட்டது. மீதியை யார் பிரித்தது என்று கேட்கிறீர்களா? எனக்கு விரல் நன்றாகவே பழகியிருக்கிறது.

விஷயம் இதுதான். சங்கீதா அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் இருக்கிறாள். தினம் ஒரு ஆக்டிவிட்டி. பிள்ளை செய்வதை வீடியோ எடுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் யாரும் திட்டமாட்டார்கள். "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அன்பாக விசாரிப்பார்கள். அந்த அன்புக்குத்தான் பயம்.

அன்றைக்கு அடுத்த அயிட்டம், பிஸி போர்டு. ஒரு பலகையில் சின்னச் சின்ன தாழ்ப்பாள், கொக்கி, ஸ்விட்ச் எல்லாம் பொருத்தியிருக்கும். பிள்ளைகள் திறந்து மூடிப் பழகலாம். சங்கீதா ஆன்லைனில் வாங்கத்தான் பார்த்திருக்கிறாள். பிரபுவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நம்ம பட்டறையில இல்லாத கொண்டியாங்கம்மா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். "அந்த ஆன்லைன் சாமானெல்லாம் ரெண்டு நாளு தாங்காதுங்க."

அவர் செய்தது தாங்கும். பட்டறை ஆட்கள் இரண்டு பேர் தூக்கி வந்து சுவரில் சாய்த்தார்கள். லாரியின் பின்கதவுக் கொண்டி, டூல் பாக்ஸ் தாழ்ப்பாள், கேபின் கதவுக் கைப்பிடி. உச்சியில் மஞ்சள் பெயிண்டில் 'யாழினி', இரண்டு பக்கமும் தாமரைப்பூ. பெர்மிட் மட்டும்தான் பாக்கி.

யாழினிக்கு அது உயிராகிவிட்டது. கொஞ்ச நேரத்திலேயே எல்லாவற்றையும் போடவும் எடுக்கவும் கற்றுக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடியோ, ஒரு கைதட்டல். 'எவ்ளோ இன்டிபென்டன்ட்!' என்று குரூப்பில் இதயங்கள் பறந்தன. என் ஸ்டேட்டஸிலும் பறந்தன.

அடுத்தது, தண்ணீரைச் சிந்தாமல் ஒரு சொம்பிலிருந்து இன்னொரு சொம்புக்கு ஊற்றுவது. "பின்னாடி வெளிச்சம் நல்லா இருக்கும்" என்றாள் சங்கீதா. படம் எடுத்து எடுத்து மூன்று போன்களும் செத்து, ஹாலில் சார்ஜில் கிடந்தன. அவை ஏறுவதற்குள் ஏற்பாட்டை முடிக்கலாம் என்று பிரபு தண்ணீர் டப்பைத் தூக்கினார், சங்கீதா ஸ்டூலை, நான் சொம்புகளை. அடுப்பில் பால் சிம்மில் இருந்தது.

பின்னால் சத்தம். டக்.

பின்வாசலுக்குத் திறக்கும் சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. கீழ்த் தாழ்ப்பாள்... உள்பக்கம்.

"போட்டுட்டேன்!" என்றாள் யாழினி உள்ளேயிருந்து. குரலில் அத்தனை பெருமை!

முன்கதவு? வீடியோவில் பைக் சத்தம் விழுகிறதென்று சங்கீதாவே உள்ளே தாழ் போட்டிருந்தாள்.

"கதவத் தெற சாமி. அம்மா வெளிய நிக்கறேன் பாரு."

ஜன்னல் கம்பி வழியே யாழினி எங்களைப் பார்த்தாள். ஒவ்வொருவர் கையாகப் பார்த்தாள்.

"போன் எங்கம்மா?"

"உள்ள இருக்குது கண்ணு. நீ மொதல்ல தெற."

"நீ போன் புடி. அப்பறம் தெறக்கறேன்."

அடம் இல்லை. இதுவரை எந்தத் தாழ்ப்பாளையும் அவள் கேமரா இல்லாமல் திறந்ததே இல்லை. முறைப்படி நடக்க வேண்டும் என்கிறாள். அவ்வளவுதான்.

அதற்குள் பால் பொங்கி வழிந்தது. அடுப்பு உஸ்ஸென்று அணைந்தது. கேஸ் நிற்கவில்லை. ஜன்னல் வழியே வாசம் வர ஆரம்பித்தது. சிலிண்டரும் உள்ளே, மேடைக்கு அடியில்.

பிரபு தோளால் கதவை மோதினார். தேக்குக் கதவு. அசையவில்லை. குழந்தைதான் பயந்து பின்னால் நகர்ந்தது.

"மோதாதீங்க! பயந்து உள்ள ஓடிருவா!" என்று சங்கீதா அலறினாள்.

துவைக்கிற கல்லில் இருந்த நீலச் சோப்பை எடுத்து, போனைப் பிடிப்பது போல ஜன்னலில் பிடித்தாள். "இதோ கண்ணு... ரெக்கார்டிங்..."

யாழினி உற்றுப் பார்த்தாள்.

"அது சோப்பும்மா."

குழந்தைக்கு நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

பிரபு போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மகேஸ்வரி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "ஏனுங்க, என்னாச்சுங்க?"

"அக்கா, உங்க போனக் குடுங்க! சீக்கிரம்!"

எதற்கு என்று அந்தப் புண்ணியவதி கேட்கவே இல்லை. சங்கீதா போனை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. குரல் மட்டும் சிரிக்கிறது.

"ஹாய் ஃப்ரெண்ட்ஸ்... இப்ப யாழினி என்ன பண்ணப் போறாங்க?"

"ஓப்பன் த டோர்!"

டக்.

சங்கீதா பாய்ந்து போய் கேஸை மூடினாள். "சுச்சத் தொட்றாதீங்க!" என்று கத்திக்கொண்டே பிரபு ஜன்னல்களைத் திறந்தார். நான் குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன்.

என் தோளில் அவள் விசும்ப ஆரம்பித்தாள்.

"என்ன சாமி, பயந்துட்டியா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"யாருமே... கை தட்டல..."

பின்னாலேயே வந்த சங்கீதாவுக்கு அது கேட்டுவிட்டது. மகளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். கை தட்டவில்லை. ரொம்ப நேரம் அந்தத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய்ச் சுவருக்கு மேலே போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அழுது முடித்த யாழினி டப்பிடம் போனாள். சொம்பில் தண்ணீரை மொண்டு இன்னொரு சொம்பில் ஊற்றினாள். பாதி சிந்தியது. மறுபடி ஊற்றினாள். கால், கவுன் எல்லாம் ஈரம். நடுவில் ஒரு தரம் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். யாரிடமும் போன் இல்லை. ஒரு கணம் யோசித்தாள். குனிந்து மறுபடி ஊற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றது நாங்கள் மூன்று பேரும்தான்.