சௌனாவில் கீரை

காலை ஆறு மணிக்கு ராய்மோ கெட்டுனென் தன் வீட்டு நீராவிக் குளியலறையான சௌனாவின் கதவைத் திறந்து, கீரைத் தட்டில் நிற்கும் தண்ணீரில் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறார். பதினெட்டு டிகிரி. பக்கத்திலேயே தெர்மாமீட்டர் தொங்குகிறது. ஆனாலும் விரலுக்குத்தான் முதல் மரியாதை. பிறகு குனிந்து கீரைகளுக்குக் காலை வணக்கம் சொல்கிறார். அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருக்கும் மனைவி தூலாவுக்கு அந்த வணக்கம் கிடைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

வடதுருவத்தை ஒட்டிய இவலோவில் டிசம்பர் பிறந்தால் சூரியன் தலைகாட்டுவதில்லை. ஜனவரி பாதி வரை நண்பகலில் நீலமாக ஓர் அரையிருட்டு, அவ்வளவுதான். முப்பது வருஷம் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு, மூன்று குளிர்காலத்துக்கு முன் இந்தப் பித்துப் பிடித்தது. மனிதர்கள் உட்கார்ந்து வியர்க்க வேண்டிய சௌனாப் பலகைகளில் கீரைத் தட்டுகளை அடுக்கினார். மேலே ஊதா விளக்குகளைக் கட்டினார். சௌனாவைச் சூடாக்கும் கல் அடுப்பின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கட்டிய பெண்டாட்டியை விரட்டியிருந்தால்கூட ஊர் இரண்டு நாளில் மறந்திருக்கும். சௌனாவை அணைத்ததை இன்னும் பேசுகிறார்கள்.

தூலா சனிக்கிழமைதோறும் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஹெல்வியின் சௌனாவில் குளிக்கப் போகிறாள்.

"உன் புருஷன் ஆடு கீடு வாங்கப் போறானா?" என்றாள் ஹெல்வி ஒரு தடவை.

"வாங்கினா அதுவும் பட்டினிதான். அதுக்கும் ரெண்டு இலைதான் கொடுப்பான்."

உண்மைதான். விருந்தாளி வந்தால், நகம் வெட்டும் கத்தரியால் ஆளுக்கு இரண்டு இலை நறுக்கித் தருவார். வாய்க்குள் போவதற்குள் "எப்படி?" என்பார். "நல்லாருக்கு" என்றால் விடமாட்டார். "எந்த மாதிரி நல்லாருக்கு?" என்று எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

கடைக்குப் போனால், தெற்கேயிருந்து வந்த கீரைப் பொட்டலத்தைச் செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்குவார். "இது கீரையா? பொணம். லாரியிலயே உயிர் போயிடுச்சு."

"வாங்குறதுன்னா வாங்கு ராய்மோ. இல்லன்னா எடுத்துட்டுப் போய் அடக்கம் பண்ணு. பின்னாடி ஆள் நிக்குது" என்பாள் கல்லாப் பெண்.

இத்தனைக்கும் மனிதர் பச்சை இலை தொடமாட்டார். உருளைக்கிழங்கு, கலைமான் கறி, சாசேஜ். கேட்டால், "நான் வளர்க்குறவன். மெல்லுறது வேற டிபார்ட்மெண்ட்."

போன ஜனவரியில் ஒரு நாள் மதியம், பனிப் பாரம் தாங்காமல் ஒரு மரம் மின்கம்பியில் சாய்ந்தது. தெரு முழுக்க மின்சாரம் போயிற்று. வெளியே மைனஸ் முப்பத்து நாலு. ராய்மோ வீட்டில் கணப்பும் மின்சாரத்தில்தான். தூலாவுக்கோ நெஞ்சுச்சளிக் காய்ச்சல் விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஹெல்வி போன் செய்தாள். "எங்க வீட்ல விறகடுப்பு எரியுது. உடனே கிளம்பி வாங்க."

ராய்மோ உடனே கிளம்பினார். சறுக்குவண்டியை வாசலுக்கு இழுத்து, தட்டுகளை ஏற்றி, மேலே ரஜாயைப் போர்த்தினார். குளிர் புகும் என்று தோன்றியது. ஆணியில் தொங்கிய கம்பளிக் கோட்டையும் எடுத்து அதன்மேல் போட்டார்.

"ராய்மோ, அது என் கோட்டு."

"தெரியும். ரெண்டே நிமிஷம். நீ உள்ளதான உக்காந்திருக்க? அதுங்க வெளிய போகுதுல்ல!"

முதல் நடை போயிற்று. இரண்டாவது நடையும் போயிற்று. அடுக்களையில் தூலா கையுறையோடு உட்கார்ந்து, தன் மூச்சு புகையாக வருவதைப் பார்த்தாள். மூன்றாவது நடை, கோட்டோடு புறப்பட்டபோது, அவள் எழுந்தாள். அவருடைய பழைய வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே, வண்டித் தடத்தின் மேல் தனியாக நடந்து போனாள்.

ஹெல்வியின் அடுப்பைச் சுற்றி நாற்காலி, பெஞ்சு, முக்காலி எல்லாவற்றிலும் கீரை உட்கார்ந்திருந்தது.

"வா தூலா. உன் சக்களத்திங்க எல்லாரும் முன்னாடியே வந்து இடம் பிடிச்சாச்சு" என்றாள் ஹெல்வி.

ராய்மோ சிரிக்கவில்லை. இலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூலா அடுப்புக்கு நேர் எதிரே இருந்த தட்டைத் தரையில் இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றினாள். விதைக்கென்று அவர் மூன்று மாதமாகக் கத்தரி படாமல் வளர்த்த பெரிய செடியை வேரோடு பிடுங்கி, தண்ணீரை உதறி, நடுவிலிருந்து கடித்தாள். உப்பில்லை, எண்ணெயில்லை. நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது. ஹெல்வி விறகு போடுவதை நிறுத்திவிட்டாள்.

"ஹெல்வி, ரொட்டி இருக்கா?" என்று வாய் நிறையக் கேட்டுவிட்டு, தூலா அடுத்த செடிக்குக் குனிந்தாள்.

ராய்மோ அவள் பக்கத்தில் மண்டியிட்டு, துணுக்கு எதுவும் கீழே விழாதபடி, அவள் மோவாய்க்கு அடியில் தன் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தார்.