இறங்கிப் பழகியவர்

அறுபதுகளின் தொடக்கத்தில், மலைக்கோட்டைப் படிகளில் அந்த அம்மாளைக் காலைதோறும் பார்ப்பேன். ஒடிசலான உடம்பு, வலக்காலில் மாவுக்கட்டு பிரித்த வெளுப்பு. மூங்கில் கழியை ஊன்றி உச்சி வரை ஏறுவார். பிள்ளையார் பக்கம் திரும்பாமலே இறங்குவார்.

ஒருநாள் கேட்டேன்: “சாமி கும்பிடலையாம்மா?”

“கால் தேறிச்சான்னு பார்க்க வந்தேங்க. எங்க ஊரு பச்சமலை. மேல பூரா புல்லுக்காடு, நடுவுல பெரிய பள்ளம். அதுல இறங்கி ஏறினாத்தான் வீடு.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“கீழயே இருந்துக்கச் சொன்னாரு. இருக்க மாட்டேங்க. ஏறிடுறேன், இறங்கத்தான் முட்டி நடுங்குது.”

பாதி இறங்கியிருந்தவர், இறங்கிப் பழகுவதற்காகவே மறுபடி மேலே ஏறினார்.

சில நாட்களுக்குப் பிறகு அவரைக் காணவில்லை. வடக்கே பச்சமலை மங்கலாகத் தெரியும் நாட்களில், அந்தப் பள்ளத்தைக் கடந்திருப்பார் என்றே நம்புகிறேன்.