பல் இறுகினால் ஓடும் படகு

தொழிற்சாலையில் அவளுக்கு ஒட்டுக்காது என்று பெயர். பம்பு மோட்டார் எதுவானாலும் பெட்டிக்குள் போகும் முன் அவள் மேசைக்கு வந்தே தீர வேண்டும். ஓடுகிற மோட்டாரின் மேல் நீளத் திருப்புளியின் முனையை வைப்பாள்; பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துவாள். உள்ளே சுழலும் பேரிங்கின் சத்தம் சரியென்றால் வெள்ளை சாக்பீஸில் ஒரு டிக். இல்லையென்றால் சிவப்பில் பெருக்கல் குறி. இருபத்தாறு வருடமாக அவள் போட்ட குறியை யாரும் அழித்ததில்லை. கேட்காமலே தலையாட்டுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. அந்தக் கணக்கில் உலகத்தில் பாதிப் பேரை அவளுக்குப் பிடிக்காது.

போன வருடம் அவள் காதுக்குள் ஒரு விசில் குடியேறியது. செவிடன் காதில் சங்கு ஊதுவதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். காதுக்குள்ளேயே உட்கார்ந்து ஊதுகிறவனை இப்போதுதான் பார்க்கிறாள். கெட்டுப்போகப் போகிற பேரிங்கின் மெல்லிய கீச்சு அந்த விசிலுக்குள் மறைந்தது. அவள் டிக் போட்ட மூன்று மோட்டார்கள் திரும்பி வந்தன.

"வைத்தியம் பாத்து, சரியாயிட்டு வருதுன்னு ஒரு பேப்பர் கொண்டாங்க. மேசை உங்களுக்குத்தான்," என்றார் சூப்பர்வைசர். "இல்லைன்னா பேக்கிங்."

"பேப்பரா மோட்டாரைக் கேக்கப் போகுது?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

நாத்தனாருக்கு மூளைப் பயிற்சி நிலையமொன்றில் வரவேற்பு மேசை வேலை. "அண்ணி, மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. தலையில ஒயரை ஒட்டுவாங்க. திரையைப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்தா போதும்."

"சும்மா உக்காந்தா மூளை வளரும்னா உங்க அண்ணன் இந்நேரம் மேதையாயிருக்கணுமே."

ஆனாலும் போனாள். டை கட்டிய பயிற்சியாளர் தலையில் பசையைத் தடவி, காதுக்கு மேலே ஒயர்களை ஒட்டினார். திரையில் ஒரு ஏரி, அதில் ஒரு படகு. மூளையின் அலை அமைதியானால் படகு ஓடுமாம். ஓட ஓட மூளை அதைப் பழகிக்கொண்டு விசிலைக் கவனிப்பதை விட்டுவிடுமாம்.

இரண்டு நாள் படகு சேற்றில் படுத்த எருமை மாதிரி கிடந்தது. மூன்றாம் நாள் ஓடியது. "அருமை" என்றார் பயிற்சியாளர். அதற்குப் பிறகு தினமும் அருமைதான். கிராஃப் படிக்கட்டு மாதிரி ஏறியது. வீட்டுக்கு வரும்போது விசிலும் ஏறியிருந்தது.

ஆறாம் நாள்தான் பிடிபட்டது. படகை நகர்த்தும் வேகத்தில் அவள் கடைவாய்ப் பற்கள் இறுகியிருந்தன. தாடையைத் தளர்த்தினாள், படகு நின்றது. கடித்தாள்; ஓடியது. பழக்கதோஷம், பத்துப் பத்துத் தடவை செய்து பார்த்தாள். ஒரு தடவைகூட மாறவில்லை.

"நான் பல்லக் கடிக்கிறேன். அதான் போகுது," என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். "கிராஃப் நல்லா ஏறுதே மேடம்."

"தாடை இழுக்குறத மூளைன்னு எழுதுது உங்க மிஷின். கடிச்சா எனக்கு விசில் கூடத்தான் செய்யுது. தாடையிலயும் ஒரு ஒயர் ஒட்டுங்க. அது இழுக்குற நேரத்தக் கணக்குல சேக்காதீங்க."

"அப்படிச் செய்யலாம்தான். ஆனா முதல்லேருந்து ஆரம்பிக்கணுமே."

"செய்யலாம்னு தெரிஞ்சும் செய்யலையா?"

அவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

வெளியே நாத்தனார் கிராஃபோடு காகிதத்தை அச்சடித்தே வைத்திருந்தாள். "நல்ல முன்னேற்றம்னு போட்டிருக்கு அண்ணி. கொண்டுபோய்க் குடுங்க, மேசை நிலைக்கும். உங்க வாயில கைய விட்டு யாரு பாக்கப் போறா?"

மறுநாள் காலை சூப்பர்வைசர் காகிதத்தைப் படிக்காமலே சிரித்தார். அவள் அதை அவர் கையிலிருந்து திருப்பி வாங்கி மேசையில் விரித்தாள். சிவப்பு சாக்பீஸை எடுத்து, கிராஃபின் மேல் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டாள்.

"என்னம்மா இது?"

"சோதிச்சுப் பாத்துட்டேன். பாஸ் ஆகல."

"அப்ப மேசை?"

"கேட்டுட்டு டிக் போடுற ஆளா பாத்து உக்கார வைங்க. இந்தக் கட்டடத்துல கெடச்சா."

திருப்புளியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லும் முன்னே பேக்கிங்குக்கு நடந்தாள்.

அடுத்த வாரம் தாடையில் ஒரு ஒயரோடு அதே ஏரியின் முன்னால் உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் படகு ஒரு விரற்கடை நகர்ந்தது. பயிற்சியாளர் "அரு..." என்று வாயைத் திறந்தார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.