பாயின் மேல் நின்றவன்

வெள்ளைக்காரர்கள் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டையிட்ட அவசரகாலத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, வேலைக்குப் போகும்போது காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறோமா என்று தினமும் சோதித்தார்கள். சலித்துப்போய், டவுனை ஒட்டிய தெமியாங்கில் ஒரு பழைய பலகை வீட்டை வாங்கிக் குடிவந்தோம். மறு வருடமே வீட்டு வரியை ஏற்றி நோட்டீஸ் வந்தது. கூரை ஒழுகுகிறது, தரைப் பலகையைக் கறையான் அரித்துவிட்டது என்று மனு எழுதிப் போட்டேன். நேரில் பார்க்க அதிகாரி வருவதாகப் பதில் வந்தது.

அங்கேதான் என் புத்தி கெட்டது. தோட்டத்தில் துரை லயம் பார்க்க வருகிறார் என்றால், முதல் நாளே எங்களை மேய்க்கும் மண்டோர் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வார். அந்தப் பழக்கத்தில் நானும் சுண்ணாம்பு அடித்தேன். கூரை ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தேன். மனைவி பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கி வந்தாள். உளுத்த பலகை மேல் நானே புதுப் பாயை விரித்தேன்.

வந்தவர் தமிழர். காப்பி குடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"வீடு நல்லாத்தானே இருக்குலா. கறையான் எங்கண்ணே?"

என் காலடியில்தான் இருந்தது. பாயைத் தூக்கினால் போதும். மனைவி என்னையே பார்த்தாள். நான் நகரவில்லை.

"இப்போ பரவால்லைங்க," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போனார். வரி குறையவில்லை.

"ஏன் காட்டல? நாமதானே மனு போட்டோம்," என்றாள் மனைவி அசதியாக.

இன்றும் வரி கட்ட வரிசையில் நிற்கும்போது, அந்தப் பாயின் மேலேயே நிற்பதுபோல் இருக்கிறது.