நடந்து காட்டிய நாள்

எலெக்ட்ரானிக் சிட்டியிலுள்ள என் உதிரிபாகத் தொழிற்சாலையில் சிரிப்புக்கு நான் இடம் தந்ததே இல்லை. ஒருநாள் உள்ளே நுழைந்தபோது, தரம் பார்க்கும் செல்வி என்னைப்போல் நடித்துக்கொண்டிருந்தார்: "ஆண்டவன் பாத்துனே இருக்கான்! கை ஓடட்டும்!"

என்னைக் கண்டதும், வேலை போயிற்று என்றே நினைத்துவிட்டார். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது.

"குரல் சரிம்மா, நடைதான் தப்பு" என்று கைகளைப் பின்னால் கட்டி நடந்து காட்டினேன். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பினிடையே செல்வி மெல்லச் சொன்னார்:

"சார், திட்டாதீங்க. நாளைக்கு அனுப்புற சரக்குல துளை தப்பா விழுந்துகீது. பயந்துனு யாரும் சொல்லல."

சரக்கை உடனே நிறுத்தினோம்.

கண்ணனின் குறும்பைப் பாடும் பாசுரங்களில் நாள்தோறும் உருகும் நான், விளையாட்டைப் பூசையறையோடு நிறுத்தியிருந்தேன். அச்சத்தைப் பணிவென்று எண்ணியிருந்தேன். இன்று எங்கள் கூடத்தில் சிரிப்பு கேட்கிறது. பிழையும் அன்றன்றே என் காதுக்கு வந்துவிடுகிறது.