ஏழாவது அட்டவணை

இன்று காலை ஆஃபீஸில் உட்கார்ந்து ஒரே ஒரு எண்ணைச் சரிபார்த்தேன். அது தப்பாக இருந்தது.

(கணினி சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். எளிதாகவே சொல்கிறேன்.)

நானும் தேவாரம் ஊர் ஜோசப்பும் ஏலத்தோட்டங்களில் அடிக்கும் பூச்சிமருந்து பற்றி ஒரு பெரிய அறிக்கை எழுதினோம். கூடவே தொழிலாளர்களுக்கு ஒரு சின்னக் கையேடு. இரண்டும் லேடெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில், தனித்தனிக் கோப்புகள். அறிக்கை அவனிடம், கையேடு என்னிடம்.

கையேட்டில் "இந்த அட்டவணையைப் பார்க்கவும்" என்று வரும் இடத்தில் அறிக்கையின் எண் தானாக வந்து விழ வேண்டும். அதற்கு எக்ஸ்ஆர் என்று ஒரு பேக்கேஜ் உண்டு. மேற்கோள் எண்களுக்கு எக்ஸ்சைட். இரண்டும், அறிக்கையின் எண்களெல்லாம் பதிவாகும் ஆக்ஸ் கோப்பைப் படித்து எண்ணை எடுத்துக்கொள்ளும். இரண்டையும் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன்.

கையேட்டையும் அறிக்கையின் அட்டவணைப் பக்கங்களையும் ஒன்றாகப் பின் அடித்து, போன வாரமே மேகமலைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் வீட்டுக்கு ஒன்று.

இன்று பார்க்கிறேன், கையேட்டில் முதலுதவிக்கு மேற்கோள் 14 என்றிருக்கிறது. அறிக்கையில் 14 வேறு ஏதோ ஒன்று.

ஜோசப்புக்கு போன் போட்டேன்.

"கடைசியா அறிக்கையில ஏதாச்சும் சேத்தியா?"

"ஆமாக்கா. தண்ணியில கலக்குற அளவுக்குப் புதுசா ஒரு அட்டவணை. அதுக்கு ஒரு மேற்கோளு."

"ஆக்ஸ் ஃபைல அனுப்புனியா?"

"பிடிஎஃப் மட்டுந்தான் அனுப்புனேன். ஏங்க்கா?"

என் கையேடு பழைய ஆக்ஸ் கோப்பையே படித்திருக்கிறது. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

மயக்கம் வந்தால் அட்டவணை 7 என்கிறது கையேடு. முதலுதவி இப்போது 8. ஏழில் இருப்பது புது அட்டவணை. தலைப்பு, "மருந்தின் அளவு". ஒரு பக்கம் மருந்தின் பெயர், எதிரே எத்தனை மில்லி என்று.

நம் ஊரில் பூச்சிக்கொல்லிக்கும் மருந்து என்றுதானே பெயர்.

மயங்கியவருக்கு அதைக் குடிக்கக் கொடுத்துவிட்டால்? தோட்டத்து ஆஃபீஸுக்கு போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. ஜோசப்பைச் சின்னமனூருக்கு வரச்சொல்லி, அங்கே அவன் பைக்கில் ஏறினேன்.

பாதி மலையில் எதிரே ஒரு ஜீப் இறங்கியது. பின் சீட்டில் வாயில் நுரையோடு ஓர் ஆள். அவர் தலையை மடியில் வைத்திருந்த பெண்ணின் கையில் எங்கள் கையேடு.

பைக்கைக் குறுக்கே நிறுத்தி ஓடினேன்.

"என்னாச்சு? ஏதாச்சும் குடிக்கக் குடுத்தீகளா?"

அந்தப் பெண்ணின் பெயர் மாரி. மயங்கிக் கிடந்தவர் அவர் கணவர், காலையில் மருந்து அடித்தவர்.

"மயக்கம் வந்தா ஏழைப் பாக்கச் சொல்லிருக்கு. ஏழுல மருந்து பேரும் அளவும் போட்டிருந்துச்சு. அதத்தான் குடுக்கணுமாக்கும்னு மருந்து ஷெட்டுக்கு ஓடுனேன்."

"குடுத்தீகளா?"

"ஷெட்டு பூட்டிக் கிடந்துச்சுத்தா. சாவி சூப்பர்வைசருகிட்ட. அவுக டவுனுக்குப் போயிட்டாக. பொறவு இந்த ஜீப்பு வந்துச்சு."

கணவரின் மூச்சு ஓடுகிறதா என்று பார்த்தேன்.

கையேடுகளைத் திரும்ப வாங்க ஜோசப்பை மேலே அனுப்பிவிட்டு நான் அவர்களோடு இறங்கினேன். ஈரத்துணியால் அவர் மேலில் பட்ட மருந்தைத் துடைத்துக்கொண்டே வந்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து. இரண்டாவது, வாய்வழியாக ஏதும் போனதா. "போகல" என்றார் மாரி.

இப்போது கண் திறந்திருக்கிறார். தண்ணீர் கேட்கிறார். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள்.

மாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கையேட்டை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

இனி இரண்டு கோப்பும் ஒரே ஃபோல்டரில். அறிக்கை ஓடி முடிந்த பிறகுதான் கையேடு ஓடும். முதலுதவியை எந்த எண்ணையும் காட்டாமல் கையேட்டிலேயே முழுசாக எழுதப்போகிறேன்.

லேடெக் தெரிந்த நண்பர்களே, ஆக்ஸ் கோப்பு பழையதாக இருந்தால் மேலே ஓடாமல் அங்கேயே நின்றுவிட வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சற்று முன் ஜோசப் தோட்டத்து ஆஃபீஸிலிருந்து பேசினான்.

"எல்லா வீட்டுலயும் வாங்கிட்டேங்க்கா. ரெண்டு வீட்டுல மட்டும் ஆளில்ல, மருந்தடிக்கப் போயிருக்காகளாம். அவுக வர்ற வரைக்கும் இங்கனயே உக்காந்திருக்கேன்."